லினக்ஸ் டவுன்லோடுக்குக் காவல் நிற்கும் 64 எழுத்துகள்: தெரியுமா?

லினக்ஸ் இயங்குதளம் வேண்டுமா? இணையத்தில் ஐ.எஸ்.ஓ. கோப்பை இறக்கு, பென் டிரைவில் ஏற்று, கணினியை ஆன் செய். தீர்ந்தது வேலை! காசு கிடையாது, சீரியல் எண் கிடையாது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சரி, இறங்கிய கோப்பு அசல்தானா? நடுவில் யாராவது கைவைத்திருந்தால்? அதைக் கண்டுபிடிக்கும் வித்தைக்குள் இத்தனை ஆச்சரியங்களா என்று அசந்துபோவீர்கள்!

1. சத்தமில்லாமல் மாறிய இணைப்பு!

2016 பிப்ரவரி 20 அன்று, லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் அதிகாரப்பூர்வத் தளத்துக்குள் ஒரு ஹேக்கர் புகுந்தார். தளத்தை முடக்கினாரா? இல்லை! முகப்பில் கொடி நாட்டினாரா? அதுவும் இல்லை! டவுன்லோடு இணைப்பை மட்டும் மெல்ல மாற்றிவைத்தார். 17.3 சினமன் பதிப்பைச் சொடுக்கியவர்களுக்கு, பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் இருந்த ஒரு சர்வரிலிருந்து வேறொரு கோப்பு இறங்கியது. பார்த்தால் அச்சு அசல் மின்ட்! உள்ளே? 'சுனாமி' என்ற மால்வேர்! மறுநாளே மின்ட்டின் தலைவர் கிளெமென்ட் லெஃபெவ்ர் உண்மையை உலகுக்கு அறிவித்தார்.

2. பூட்டையும் மாற்றினார், சாவியையும் மாற்றினார்!

கோப்பு அசல்தானா என்று பார்க்க, தளத்திலேயே 'செக்சம்' என்ற சரிபார்ப்பு எண் போட்டிருப்பார்கள் அல்லவா? ஹேக்கர் அதையும் விட்டுவைக்கவில்லையாம்! போலிக் கோப்புக்குப் பொருந்தும் எண்ணையே தளத்தில் போட்டுவிட்டதாகப் பிறகு ஒரு செய்தித் தளத்திடம் அவரே சொன்னார். அந்த எண்ணை யார் பார்க்கப்போகிறார்கள் என்ற கிண்டல் வேறு! கோப்பும் எண்ணும் ஒரே இடத்திலிருந்து வந்தால் என்ன ஆகும் என்று புரிகிறதா? இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்!

3. 6 ஜி.பி. கோப்புக்கும் 64 எழுத்து, வெற்றுக் கோப்புக்கும் 64 எழுத்து!

இன்று லினக்ஸ் உலகம் பெரிதும் நம்பும் செக்சம் ஷா-256. எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் 64 எழுத்துகளில் பதில் சொல்லும். ஒரே வரிக் கடிதமா? 64! ஒரு முழு இயங்குதளமா? அதற்கும் 64! ஒன்றுமே இல்லாத காலிக் கோப்பா? அதற்கும் அதே 64! காலிக் கோப்பின் விடை எப்போதும் 'ஈ3பி0சி442' என்றுதான் தொடங்கும். உங்கள் டவுன்லோடுக்கு இந்த விடை வந்தால் என்ன பொருள் தெரியுமா? ஒரு பைட் கூட இறங்கவில்லை!

4. 4,800 கோடியில் ஒன்று மாறினால்?

6 ஜி.பி. கோப்பில் எத்தனை பிட்கள்? சுமார் 4,800 கோடி! அதில் ஒரே ஒரு பூஜ்ஜியத்தை ஒன்றாக மாற்றிப் பாருங்கள். 64 எழுத்து விடைக்குள் இருக்கும் 256 பிட்களில் ஏறத்தாழ பாதி தலைகீழாகிவிடும்! 'கொஞ்சம் மாற்றினேன், கொஞ்சம்தான் மாறும்' என்ற பேச்சுக்கே இடமில்லை. பழைய விடைக்கும் புதிய விடைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை!

5. ஒரு பைட்டுக்கு ஒரு சுற்று!

ஷா-256 கோப்பை 64 பைட் துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டையும் 64 சுற்றுகள் கலக்கி எடுக்கிறது. 6 ஜி.பி. கோப்பில் 9 கோடியே 37 லட்சம் துண்டுகளுக்கு மேல் வரும். மொத்தம் எத்தனை சுற்று? சுமார் 600 கோடி! இதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நினைக்கிறீர்கள்? இன்றைய சாதாரண மடிக்கணினியில் ஒரு நிமிடம்கூட ஆகாது!

6. அடித்தளத்தில் பகா எண்கள்!

அந்தக் கலக்கலுக்குத் தொடக்க எண்கள் வேண்டுமே, அவை எங்கிருந்து வந்தன? முதல் 8 பகா எண்களின் வர்க்கமூலங்களிலிருந்து! 2, 3, 5, 7, 11, 13, 17, 19. சுற்றுக்கு ஒன்றாகச் சேர்க்கும் 64 எண்கள்? முதல் 64 பகா எண்களின் கனமூலங்களிலிருந்து! ஏன் இப்படி? இஷ்டப்பட்ட எண்ணைப் போட்டு ரகசியக் கதவு வைத்துவிட்டார்கள் என்று நாளை யாரும் சொல்லக்கூடாது அல்லவா? பள்ளிக் கணக்கு தெரிந்த எவரும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்!

7. உருவாக்கியது யார் தெரியுமா?

உளவுக்கு அஞ்சுகிறவர்களும் நம்பிப் பயன்படுத்தும் ஷா-256-ஐ வடிவமைத்தது ஓர் உளவு அமைப்பு! ஆம், அமெரிக்காவின் என்.எஸ்.ஏ.தான்! 2001-ல் வெளியானது. உலகத்துக் கணித வல்லுநர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உடைக்கப் பார்க்கிறார்கள். சுற்றுகளைக் குறைத்த வடிவங்களில் ஓட்டை போட்டிருக்கிறார்கள். முழு 64 சுற்றையும்? இதுவரை ஒருவராலும் முடியவில்லை!

8. பிரபஞ்சத்தின் வயது போதாது!

மொத்தம் எத்தனை விடைகள் சாத்தியம்? 78 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்! குறிப்பிட்ட ஒரு விடைக்குப் பொருந்தும் போலிக் கோப்பை முட்டி மோதித் தேடுவதாக வைத்துக்கொள்வோம். நொடிக்குக் கோடி கோடி கோடி முயற்சி! பிரபஞ்சம் பிறந்த 1,380 கோடி ஆண்டுகளும் ஓய்வே இல்லாமல்! எத்தனை முயற்சி முடிந்திருக்கும்? 39 இலக்க எண்ணிக்கை. அட, பாதி வழி வந்தாயிற்றா? அதுதான் இல்லை! அதே 1,380 கோடி ஆண்டு வேலையை இன்னொரு 39 இலக்க எண்ணிக்கையிலான தடவை திரும்பச் செய்ய வேண்டும்! தலை சுற்றுகிறதா?

9. வீழ்ந்த முதல் வீரன்!

ஒரு காலத்தில் எல்லாரும் நம்பியது எம்.டி.5. ரொனால்ட் ரிவெஸ்ட் 1991-ல் வடிவமைத்தார், 32 எழுத்து விடை தரும். 2004-ல் சீனாவின் வாங் சியாவ்யுன் குழு ஒரு குண்டு போட்டது. வெவ்வேறான இரண்டு தரவுகளுக்கு ஒரே எம்.டி.5! இன்று அப்படி ஒரு ஜோடியை உருவாக்கச் சாதாரணக் கணினிக்குச் சில நொடிகள் போதும்! இது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்தீர்களா? 2012-ல் பிடிபட்ட 'ஃப்ளேம்' மால்வேர், இதே ஓட்டையைப் பிடித்துக்கொண்டு மைக்ரோசாஃப்ட் சான்றிதழையே போலியாகச் செய்து வைத்திருந்தது!

10. இரண்டாவது விக்கெட்டுக்கு 6,500 ஆண்டுகள்!

அடுத்தது ஷா-1, 40 எழுத்து. 2017 பிப்ரவரி 23 அன்று கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு மையமும் இரண்டு பி.டி.எஃப். கோப்புகளை வெளியிட்டன. உள்ளடக்கம் வேறு, ஷா-1 ஒன்றே! அதற்குப் போட்ட கணக்குகள் எத்தனை? 9,223,372,036,854,775,808! ஒரே சி.பி.யு.வில் செய்திருந்தால் 6,500 ஆண்டுகள், அதன்மேல் ஒரு கிராஃபிக்ஸ் கார்டுக்கு 110 ஆண்டுகள்! 2030 முடிவுக்குள் ஷா-1-ஐ முற்றிலும் கைவிட வேண்டும் என்று அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான என்.ஐ.எஸ்.டி. கெடு வைத்திருக்கிறது.

11. பெயரில் ஒரு சிரிப்பு, உள்ளே ஒரு பின்வாசல்!

2011 ஜூலை. 'வி.எஸ்.எஃப்.டி.பி.டி. 2.3.4' என்ற சர்வர் மென்பொருளின் கோப்பை யாரோ மாற்றிவைத்திருந்தார்கள். உள்நுழையும் பெயரோடு ஒரு சிரிப்பு முகம் சேர்த்தால் போதும், அதாவது ஒரு முக்காற்புள்ளி, ஓர் அடைப்புக்குறி! உடனே 6200 என்ற போர்ட்டில் கதவு திறந்து, முழுக் கணினியும் அந்நியர் கையில்! மாட்டியது எப்படி? அந்தக் கோப்பு டிஜிட்டல் கையொப்பச் சோதனையில், அதாவது உரியவரே வெளியிட்டதா என்ற சோதனையில், தேறவில்லை. மூன்று, நான்கு நாட்களிலேயே குட்டு உடைந்தது!

12. கையொப்பம் இல்லாதவர்களுக்கு?

'அன்ரியல் ஐ.ஆர்.சி.டி.' என்ற அரட்டை சர்வருக்கும் இதே கதிதான். சில மிரர் (நகல்) தளங்களில் கோப்பு மாற்றப்பட்டது 2009 நவம்பரில். கண்டுபிடித்தது எப்போது தெரியுமா? 2010 ஜூனில்! ஏழு மாதம் ஒருவர் கண்ணிலும் படவில்லை! ஏன்? அப்போது அவர்கள் வெளியீடுகளில் கையொப்பம் இடுவதில்லை. அங்கே நான்கு நாள், இங்கே ஏழு மாதம். வித்தியாசம் புரிகிறதா?

13. காவல்காரனுக்கே கன்னம்!

கணினிகளைப் பாதுகாப்பாக இணைக்க உதவும் ஓபன்எஸ்.எஸ்.எச்.சின் கோப்பிலேயே 2002-ல் விஷம் கலந்தார்கள்! யார் பிடித்தது? ஃப்ரீபி.எஸ்.டி. இயங்குதளம் தன்னிடம் முன்பே குறித்துவைத்திருந்த செக்சம்! இறங்கிய கோப்போடு அது ஒத்துப்போகவில்லை. தனியாக வேறோர் இடத்தில் இருந்த ஓர் எண், ஆகஸ்ட் தொடக்கத்தில் உலகத்தை எச்சரித்துவிட்டது!

14. ஒரே ஒரு சமக்குறி!

2003 நவம்பரில் லினக்ஸின் மூல நிரலுக்குள்ளேயே ஒருவர் இரண்டு வரிகளை நுழைத்தார். இரண்டு சமக்குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான்! அதனால் என்ன? இரண்டு என்றால் 'நீ நிர்வாகியா?' என்ற கேள்வி. ஒன்று என்றால் 'நீதான் நிர்வாகி!' என்ற உத்தரவு! நுழைந்தது நிரலின் ஒரு நகலுக்குள். மூலக் களஞ்சியத்தோடு ஒப்பிட்டபோது அந்த மாற்றத்துக்கு அங்கே பதிவே இல்லை, சிக்கிக்கொண்டது! செய்தவர் யார்? இன்றுவரை வெளிவரவில்லை!

15. தலைமைத் தளமே வீழ்ந்தபோது!

2011 ஆகஸ்ட் 28. லினக்ஸ் கெர்னலின் தாய்வீடான கெர்னல்.ஆர்க் சர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்திருப்பது தெரிந்தது. தளம் ஒரு மாதத்துக்கும் மேல் மூடிக்கிடந்தது! ஐயோ, மூல நிரல்? ஒரு கவலையும் இல்லை! ஏறக்குறைய 40,000 கோப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹாஷ் (செக்சம் போன்ற அதே விடைதான்), பழைய வரலாறு முழுவதையும் பிணைக்கும் சங்கிலி. அதன் நகல் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில்! ஒன்றை ரகசியமாக மாற்றினாலும் அத்தனை பேரின் நகலும் காட்டிக்கொடுத்துவிடும்.

16. கையொப்பத்துக்காக அச்சான புத்தகம்!

சரி, 2-ஆம் துணுக்கில் விட்ட இடத்துக்கு வருவோம். தளத்தில் உள்ள எண்ணையே ஹேக்கர் மாற்றினால் என்ன செய்வது? அந்த எண்ணுக்கே கையொப்பம் வேண்டும்! அதற்கு உதவும் பி.ஜி.பி. என்ற மென்பொருளை ஃபில் சிம்மர்மன் 1991-ல் எழுதினார். பரிசு என்ன தெரியுமா? மூன்று ஆண்டு கிரிமினல் விசாரணை! அந்நாளில் குறியாக்க மென்பொருளை ஏற்றுமதி செய்வதை அமெரிக்கா ஆயுத ஏற்றுமதியாகக் கருதியது. அதற்கு அவர் என்ன செய்தார்? மென்பொருளை அனுப்பத்தானே தடை, புத்தகத்தை அனுப்பலாமே! மொத்த நிரலையும் எம்.ஐ.டி. பிரஸ் 1995-ல் புத்தகமாக அச்சிட்டது! 1996-ல் விசாரணை கைவிடப்பட்டது.

17. உலகத்தைத் தாங்கிய ஒற்றை மனிதர்!

இன்று டெபியன், உபுண்டு, மின்ட் கையொப்பங்களைச் சரிபார்க்க உதவும் மென்பொருள் ஜி.என்.யு.பி.ஜி. 1997-ல் ஜெர்மனியின் வெர்னர் காக் தொடங்கியது. கோடிக்கணக்கான கணினிகள் நம்பும் இந்த மென்பொருளைப் பல ஆண்டுகள் கிட்டத்தட்ட ஒற்றை ஆளாகக் கட்டிக்காத்தார். 2015 பிப்ரவரியில் அவர் பணமில்லாமல் தவிக்கும் செய்தி வெளியானது. அதன்பிறகுதான் உலகம் விழித்தது! நன்கொடைகள் குவிந்தன. ஃபேஸ்புக்கும் ஸ்ட்ரைப்பும் ஆண்டுக்குத் தலா 50,000 டாலர் தருவதாக அறிவித்தன!

18. நான்கே நொடியில் போலிச் சாவி!

கையொப்பம் சரி. அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி யாருடையது? முன்பெல்லாம் சாவியின் கடைசி 8 எழுத்தைப் பார்த்து அடையாளம் காண்பார்கள். 2014-ல் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கிராஃபிக்ஸ் கார்டை வைத்து, அதே 8 எழுத்தில் முடியும் போலிச் சாவியை உருவாக்கிக் காட்டினார்கள். எவ்வளவு நேரத்தில்? 4 நொடியில்! 2016-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் பெயரிலேயே போலிச் சாவி ஒன்று வெளியே உலவியது! அதனால்தான் இப்போது 'முழுக் கைரேகை', அதாவது 40 எழுத்தையும் ஒப்பிடச் சொல்கிறார்கள்.

19. பாஸ்போர்ட்டைக் காட்டினால் கையொப்பம்!

சாவி இன்னாருடையதுதான் என்று எப்படி நம்புவது? நேரில் பார்த்து! டெபியன் நிரலாளர்கள் மாநாடுகளில் கூடி, ஒருவர் பாஸ்போர்ட்டை மற்றவர் பார்த்து, கைரேகையை ஒப்பிட்டு, ஒருவர் சாவியில் இன்னொருவர் கையொப்பமிடுகிறார்கள். இப்படி நாடு விட்டு நாடு ஒரு நம்பிக்கை வலை! டெபியனின் உலக மாநாடு 2023 செப்டம்பரில் எங்கே நடந்தது தெரியுமா? நம் பக்கத்துக் கொச்சியில்!

20. லினக்ஸுக்கு மைக்ரோசாஃப்ட் கையொப்பம்!

நம்ப முடிகிறதா? கையொப்பமுள்ள நிரலை மட்டும் எழவிடும் 'செக்யூர் பூட்' உள்ள கணினியில் உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகள் முதலில் எழுப்பும் குட்டி நிரலின் பெயர் 'ஷிம்'. அதில் கையொப்பம் போட்டிருப்பது மைக்ரோசாஃப்ட்! ஒரு காலத்தில் எலியும் பூனையும். இன்று ஒன்றின் கதவை மற்றொன்றின் கையொப்பம் திறக்கிறது!

21. டாரன்ட்டில் இறக்கினால் துண்டுக்குத் துண்டு சோதனை!

டாரன்ட் என்றாலே திருட்டுப் படம் என்று நினைப்பவரா நீங்கள்? லினக்ஸ் உலகில் அது ராஜபாட்டை! கோப்பு துண்டு துண்டாக வரும், ஒவ்வொரு துண்டின் ஹாஷும் தானாகச் சரிபார்க்கப்படும். ஒரு துண்டு கெட்டிருந்தால் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி கேட்கும்! 2016-ல் மின்ட்டை டாரன்ட் வழியே இறக்கியவர்களுக்கு ஒரு பாதிப்பும் இல்லை! ஒன்று மட்டும் மறக்கக்கூடாது. அந்த டாரன்ட் கோப்பு நல்ல இடத்திலிருந்து வந்திருக்க வேண்டும்.

22. கையொப்பம் அசல், உள்ளே நஞ்சு!

2024 மார்ச் 29. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்.இசட்.' மென்பொருளில் உலகையே உலுக்கிய பின்வாசல்! இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் நல்லபிள்ளையாக உழைத்து நம்பிக்கை பெற்ற 'ஜியா டான்' என்ற பெயர்க்காரரே 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் நஞ்சை வைத்தார். கையொப்பம்? அசல்! செக்சம்? கச்சிதம்! எப்படி மாட்டியது? ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளருக்கு ஒரு சந்தேகம். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய ஏன் சுமார் அரை நொடி கூடுதலாகிறது? அந்த அரை நொடியைத் தோண்டியவர் பூதத்தையே வெளியே இழுத்துவிட்டார்! அபாய மதிப்பெண் 10-க்கு 10!

23. யார் செய்தாலும் ஒரே கோப்பு!

இதற்கும் மருந்து உண்டா? ஓரளவுக்கு உண்டு! ஒரே மூல நிரலிலிருந்து யார், எங்கே, எப்போது தயாரித்தாலும் கடைசி பிட் வரை ஒரே கோப்பு வர வேண்டும். வெளியிட்ட கோப்பில் யாராவது எதையாவது செருகியிருந்தால் பிறர் தயாரித்த கோப்போடு பொருந்தாது! டெபியனில் இந்த முயற்சி 2013-ல் தொடங்கியது. இன்று பெரும்பாலான தொகுப்புகள் இந்தச் சோதனையில் தேறுகின்றன. முழு ஐ.எஸ்.ஓ. கோப்பையே இப்படித் தயாரிக்கும் நிலையை 'டெயில்ஸ்' என்ற லினக்ஸ் வகை 2017-லேயே எட்டிவிட்டது!

24. எல்லாம் எத்தனை நிமிட வேலை?

இனி உங்கள் முறை! லினக்ஸில் 'ஷா256சம்' என்ற கட்டளை முன்பே இருக்கிறது. விண்டோஸில் 'சர்ட்யூட்டில்'. இரண்டும் இலவசம். கோப்பின் ஹாஷை எடுங்கள், செக்சம் பட்டியலோடு 64 எழுத்தையும் ஒப்பிடுங்கள். அந்தப் பட்டியலின் கையொப்பத்தை ஜி.என்.யு.பி.ஜி.யால் சரிபாருங்கள். சாவியின் 40 எழுத்துக் கைரேகையை, டவுன்லோடு செய்த தளத்தை விட்டு வேறோர் இடத்திலும் பார்த்து உறுதிசெய்யுங்கள். சாவியைச் சேர்ப்பது முதல் தடவை மட்டும்தான். அடுத்த தடவையிலிருந்து ஓரிரு நிமிடம்!

அரை சென்ட் நிலம் வாங்கினாலும் வில்லங்கம் பார்க்காமல் விடுவோமா? உங்கள் வங்கிக் கணக்கு, புகைப்படங்கள், கடிதங்கள் அத்தனையும் குடியிருக்கப்போகும் இயங்குதளத்துக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு? 'அந்த எண்ணை யார் பார்க்கப்போகிறார்கள்' என்ற நினைப்பில்தான் ஹேக்கர்களின் பிழைப்பே ஓடுகிறது. ஹாஷ் பொருந்தவில்லையா? யோசிக்கவே வேண்டாம், அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். பொருந்தியதா? கையொப்பமும் தேறியதா? தைரியமாக நிறுவுங்கள்!